புதுப்பிப்பு: பிரேசில் கிட்டார் பதிவுகள், பெருவிரல் ஏன் கேட்கவில்லை?

போஸா நோவா (சாம்பாவிலிருந்து பிறந்த மென்மையான பிரேசில் இசை), ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் மூன்றும் கலந்த கிட்டார் பதிவுகளை முன்பு பட்டியலிட்டிருந்தேன். "பேஸ் கேட்கவே இல்லை" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்; பெருவிரல் மீட்டும் தாழ்ந்த சுரங்கள்தான் இந்த பேஸ். போன் ஸ்பீக்கரில் கேட்காதுதான். மிகத் தடித்த ஆறாம் கம்பியை, இடது கையால் அழுத்தாமல் மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியைத் தளர்த்தி டி (D) சுரத்துக்கு இறக்கினால் 73. சின்ன ஸ்பீக்கரில் அது கரைந்துவிடும். நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

முதலில் போஸா நோவாவின் முன்னோடிப் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவோ ஜில்பெர்ட்டோவின் 1973 ஆல்பம். பெரும்பாலும் குரல், கிட்டார், மெல்லிய தாளம், அவ்வளவே. பெருவிரல், சாம்பாவின் பெரிய மேளமான சுர்தோபோல் அடி தவறாமல் விழும். மற்ற விரல்கள் கார்டை (chord, ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) சேர்த்துப் பறித்து, பல இடங்களில் அடுத்த அடிக்குக் கால் பங்கு முன்பே வந்துவிடும். வாசிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: விரல்கள் முந்தினால் பெருவிரலும் கூடவே ஓடும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து முதலில் பெருவிரலை மட்டும் பழகுங்கள். அது நிலைத்த பிறகே கார்டைச் சேருங்கள்.

அடுத்து பிரேசில் கிட்டார் கலைஞர் பேடன் பவல், 1966, 'டிரிஸ்தேசா ஆன் கிட்டார்'. செவ்வியல் பயிற்சி பெற்ற கை, ஆனால் அடியில் சாம்பாவின் வேகம். அற்புதமான பதிவு!

பட்டியலில் புதிதாக ஒன்று: பிரேசில் கிட்டார் கலைஞர் லாரிண்டோ அல்மெய்டாவும் சாக்ஸபோன் கலைஞர் பட் ஷாங்க்கும் 1953-இல் செய்த பதிவுகள். போஸா நோவா பிறப்பதற்கு முன்பே பிரேசில் தாளத்தில் ஜாஸ்.