இலை துளிர்க்கும் முன் தோட்டத்துப் பறவைகள்: ஃபோகஸ் சுள்ளியில் விழுகிறது, குருவி பறந்துவிடுகிறது

முள்வேலி (கேள்வி):

வணக்கம். குளிர் விலகி இளவேனில் தொடங்கும் நேரம். மரங்கள் இன்னும் மொட்டையாக நிற்பதால், பின்பக்கத் தோட்டத்துக்கு வரும் எதுவும் கண்ணிலிருந்து தப்புவதில்லை: சிட்டுக்குருவி, அணில், வெயில் ஏறியதும் ஓரிரு வண்ணத்துப்பூச்சி. ஆனால் படம்தான் சரியாக வருவதில்லை. க்ராப் சென்சார் (சிறிய அளவுப் பட உணரி) கேமரா, 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. சிக்கல்கள் இவை:

- ஃபோகஸ் பறவையை விட்டு முன்னால் நீட்டியிருக்கும் சுள்ளியைப் பிடித்துக்கொள்கிறது.
- பறவை படத்தில் புள்ளியாகத்தான் தெரிகிறது. நெருங்கினால் பறந்துவிடுகிறது.
- மூடிய ஜன்னல் வழியாக எடுத்தால் மங்கல்.
- இரவில் ஏதோ ஒன்று வந்து புல்தரையில் சின்னச் சின்னக் குழிகள் தோண்டுகிறது. அது என்ன விலங்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

500 அல்லது 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் இதெல்லாம் தீருமா?

வெயில்மறைவு:

லென்ஸ் வாங்க வேண்டாம், தூரத்தைக் குறையுங்கள். 300 மி.மீ.யில் க்ராப் சென்சார் 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 78 செ.மீ. அகலத்தைப் பார்க்கிறது. சிட்டுக்குருவியின் நீளம் சுமார் 15 செ.மீ.; அதாவது படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதே லென்ஸ் 4 மீட்டரில் 31 செ.மீ. அகலம்தான் பார்க்கும், குருவி படத்தில் பாதியை நிரப்பிவிடும். அந்த 4 மீட்டருக்குள் பறவை தானாக வந்து உட்காரும்படி இடத்தை அமைப்பதுதான் வேலையே.

தீனி வைத்தால் பறவை நேராகத் தீனியில் இறங்காது. முதலில் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கும். அந்த இடத்தை நீங்களே கொடுங்கள். விரல் தடிமனில், பட்டை உரியாத காய்ந்த கிளை ஒன்றை மணல் நிரப்பிய தொட்டியில் நட்டு, தீனித் தட்டிலிருந்து 60 முதல் 100 செ.மீ. தள்ளி வையுங்கள். லேசாகச் சாய்ந்திருந்தால் பறவை பெரும்பாலும் மேல்நுனியைத்தான் தேடும், எங்கே உட்காரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். தட்டுக்கு அதைவிட நெருக்கமாக வேறு செடியோ கம்பியோ இருந்தால் உங்கள் கிளையைச் சீந்தவே சீந்தாது. அதனால் தட்டின் இடத்தை மாற்றிப் பாருங்கள், செடியை வெட்டாதீர்கள்.

பின்னணி ரொம்ப முக்கியம். கிளைக்குப் பின்னால் 1 மீட்டரிலேயே வேலி இருந்தால், இலையில்லாத சுள்ளிகள் ஒவ்வொன்றும் கோடு கோடாகப் படத்தில் விழும். 5 மீட்டராவது வெற்றிடம் இருந்தால் அதே வேலி மென்மையான பழுப்பாகக் கரைந்துவிடும். லென்ஸ் பறவையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். மேலிருந்து குனிந்து எடுத்தால் பின்னணியாகத் தரைதான் வரும், அது மிக அருகில் இருக்கிறது.

வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் கவனிக்க வேண்டியது மொட்டைக் கிளைகளின் நிழல். நல்ல வெயிலில் பறவை மேல் வரிவரியாக விழுந்து இறகின் அமைப்பையே கெடுத்துவிடும். மெல்லிய மேகம் போர்த்திய காலை இதைவிட எவ்வளவோ மேல்.

மறைவிடத்துக்குச் சின்னக் கூடாரம், கொட்டகைக் கதவு, நிறுத்தி வைத்த கார், எதுவும் சரி. பறவையை விரட்டுவது மனித உருவமும் அசைவும்தான். துணி காற்றில் படபடக்காமல் இறுக்கிக் கட்டுங்கள். பின்பக்கத் திறப்பை மூடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நிழலுருவம் வெளிச்சத்தில் தெரியும். கூடாரத்தை நட்ட அன்றே உள்ளே போய் உட்காராதீர்கள். அது அங்கே இருப்பது பறவைகளுக்குப் பழகட்டும்.

தாழ்வாரம்:

ஃபோகஸ் பற்றி. பல கேமராக்களின் தானியங்கி ஃபோகஸ், பரந்த பகுதியில் வைத்தால், அருகில் இருப்பதையும் மாறுபாடு அதிகம் உள்ளதையுமே முதலில் பிடிக்கும். வெளிர் வானத்தின் முன் கறுத்த சுள்ளி என்றால் அதற்குக் கொண்டாட்டம். விலங்குக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தாலும், கண்ணுக்குக் குறுக்கே ஒரு குச்சி வந்தால் தடுமாறும். ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள், தொடர் ஃபோகஸ் முறையில் வையுங்கள். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்குக் கொடுங்கள். கிடைத்த ஃபோகஸை விரல் எடுத்தால் அப்படியே நிறுத்தி வைக்கலாம். மேலே சொன்ன நட்ட கிளை என்றால் இன்னும் எளிது: நுனியில் கையாலேயே ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

4 மீட்டரில், 300 மி.மீ., எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது) என்றால் தெளிவாக விழும் ஆழம் 5 செ.மீ. சொச்சம்தான். பறவை பக்கவாட்டில் இருக்கும்போது எடுத்தால் கண்ணும் வாலும் சேர்ந்து தெளிவாக வரும். உங்களை நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தால் கண்ணில் வையுங்கள், வால் போனால் போகட்டும்.

ஷட்டர் வேகம்: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, தத்தித் திரிவதற்கு 1/1000, இறங்கும் நொடிக்கு 1/2000க்குக் குறையாமல். குருவி தலையைத் திருப்பும் வேகத்துக்கு 1/250 போதாது; நீங்கள் ‘மங்கல்’ என்பதில் பாதி இதுவாக இருக்கலாம். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) தானியங்கியில் விட்டு மேல் வரம்பு 3200 வையுங்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தாலும் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை எதுவும் காப்பாற்றாது. வெளிர் வானம் பின்னணியானால் பறவை கறுத்துப் போகும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை கூட்டுங்கள்.

கண்ணாடி: இருபுறமும் துடையுங்கள், அறை விளக்கை அணையுங்கள். லென்ஸின் ரப்பர் ஹூடை (முன்முனையில் மாட்டும் வளையம்) கண்ணாடியோடு ஒட்டி, நேர்க்கோணத்தில் பிடியுங்கள். சாய்த்தால் கூர்மை போய்விடும், இரட்டைக் கண்ணாடி என்றால் இன்னும் மோசம். போலரைசர் என்ற ஃபில்டர் பிரதிபலிப்பைக் குறைக்கும், ஆனால் ஒளியில் ஒன்றரை இரண்டு ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) தின்றுவிடும். இந்த வெளிச்சத்தில் அது கட்டுப்படியாகாது. ஜன்னலைத் திறந்தே எடுக்கலாம் என்றால், சூடான அறையாக இருக்கக் கூடாது. உள்ளே உள்ள சூடான காற்று வெளியே பாயும்போது காட்சி நெளியும், எந்த லென்ஸும் அதில் தோற்கும்.

பொந்து:

மேலே இருவரும் சொன்னதோடு இதையும் சேர்த்துச் செய்யுங்கள். தட்டை ஜன்னல் பக்கம் வைப்பதானால் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள், அல்லது 10 மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்திலிருந்து மிரண்டு கிளம்பும் பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதிச் செத்துவிடும். அருகிலிருந்து கிளம்பினால் அந்த வேகம் வராது.

தட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டுப் பிறகு தீனி போடுங்கள். நனைந்த பழைய தானியத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பரவும். உடல் உப்பி, கிட்டப் போனாலும் பறக்காமல் இருக்கும் பறவையைப் பார்த்தால், படமெடுப்பதை விட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் கூடுவது நின்றால்தான் நோய் பரவுவது குறையும்.

தீனியைவிடத் தண்ணீருக்குப் பலவகைப் பறவைகள் வரும். 3 முதல் 5 செ.மீ. ஆழம், சொரசொரப்பான அடி, நடுவில் ஒரு கல். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

முள்வேலி:

மிக்க நன்றி. வேலிப் புதருக்குள் ஒரு பறவை உலர்ந்த புல்லைக் கவ்விக்கொண்டு போகிறது. அங்கே கேமராவை வைக்கலாமா?

பொந்து:

வேண்டாம். கூடு கட்டும் கட்டத்திலும் முட்டையிடும் கட்டத்திலும் தொந்தரவு பட்டால் பல பறவைகள் கூட்டையே கைவிட்டுவிடும். நீங்கள் நடந்து போகும் தடமும், விலக்கிவிடும் இலையும் காகத்துக்கும் பூனைக்கும் வழி காட்டும். புல் எடுக்க வரும் இடத்தைப் பாருங்கள், அங்கே தூரத்திலிருந்து எடுங்கள். அலகில் எதையாவது வைத்துக்கொண்டு உள்ளே போகாமல் கிளை மாறி மாறி உட்கார்ந்தால், விடாமல் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். எல்லையைக் காக்கும் ஆண் பறவை இல்லாத எதிரியோடு சண்டையிட்டு வீணாகக் களைத்துப்போகும். வேலியை இப்போது கத்தரிக்கவும் வேண்டாம்.

ஈரமண்:

இரவுக் குழிக்கு முதலில் மணல் சோதனை. குழிகளுக்கு அருகே 1 மீட்டர் சதுரத்துக்கு மெல்லிய ஈர மணலைப் பரப்பி, மாலையில் பலகையால் மட்டப்படுத்துங்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போது தடம் பளிச்சென்று தெரியும். முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து விரல் என்றால் அணில், எலி வகை. எல்லாக் காலிலும் நான்கு விரல், நகக்குறி இருந்தால் நாய், நரி வகை. நகக்குறி இல்லையென்றால் பூனை. எல்லாக் காலிலும் ஐந்து விரலும் நீள நகமும் என்றால், தோண்டித் தின்னும் சிறு விலங்கு ஏதோ ஒன்று. மண் சூடேறும்போது மேலே வரும் வண்டுப் புழுக்களைத் தேடித்தான் பெரும்பாலும் இப்படித் தோண்டும்.

பிறகு ட்ரெயில் கேமரா (விலங்கு கடந்தால் தானாகவே படமெடுப்பது). தரையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. உயரத்தில், விலங்கு வரும் பாதைக்குக் குறுக்காகப் பார்க்கும்படி கட்டுங்கள். அதன் உணரி குறுக்கே கடக்கும் உடல்சூட்டை நன்றாகப் பிடிக்கும், நேரே நெருங்கி வருவதைத் தாமதமாகத்தான் உணரும். இலக்கு 2 முதல் 3 மீட்டரில் இருக்கட்டும். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் ஃபோகஸ் நிலையானது. ஒரு மீட்டருக்குள் வந்தால் மங்கும், அகச்சிவப்பு ஒளியில் வெளுத்தும் போகும். முன்னால் ஆடும் புல்லைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் மெமரி கார்டு முழுக்கக் காற்றில் ஆடும் புல்லின் படம்தான். குளிர் இரவுகளில் அல்கலைன் பேட்டரி சீக்கிரம் தளரும், லித்தியம் போடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரு வார்த்தை. காலைக் குளிரில் அதனால் பறக்க முடியாது, சிறகை விரித்து வெயில் காயும். நீங்கள் நெருங்க வேண்டியது அப்போது. சென்சாரும் சிறகும் இணையாக இருக்கும்படி, எஃப்/8 முதல் எஃப்/11. உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் எழுந்துவிடும், எனவே வெயில் வரும் பக்கத்துக்குக் குறுக்கே போகாதீர்கள்.

கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். முதல் வருகை, முதல் கூடு எல்லாம் தேதியோடு இருந்தால்தான் அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும். ஐநேச்சுரலிஸ்டில் (உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையதளம்) ஏற்றும்போது, கூடு தெரியும் படம் என்றால், இருப்பிடத்தை மறைக்கும் தெரிவைப் போட்டுவிட்டு ஏற்றுங்கள்.