‘பணியிழப்பீடு’ வேண்டாம், ‘பணித்தீங்கு ஈடு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். வேலையால் வரும் காயம், நோய், சாவு ஆகியவற்றுக்கு முதலாளி தர வேண்டிய தொகையை ஆங்கிலத்தில் ‘வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> வொர்க்கர்ஸ் காம்பன்சேஷனுக்குப் ‘பணியிழப்பீடு’ போதும், சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, சுருக்கம்தான். ஆனால் முதல்முறை படிக்கிறவர் வேலை போனதற்குத் தரும் பணம் என்றுதான் எடுத்துக்கொள்வார். சட்டப் புத்தகங்களில் வரும் ‘தொழிலாளர் இழப்பீடு’ம் எனக்கு நிறைவாக இல்லை. பேருந்து மோதினாலும் இழப்பீடு, வெள்ளத்தில் பயிர் போனாலும் இழப்பீடு, சாலைக்கு நிலம் எடுத்தாலும் இழப்பீடு. வேலை செய்ததால்தான் அடிபட்டது என்பது அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் என்ற தகடு அழுத்தும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பா மகனுக்கு 2021-இல் வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு போனது. 30 வயது, மாதம் 15,000 சம்பளம், ஏழே பேர் வேலை செய்யும் இடம் என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிய முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்து, கவரில் 20,000 ரூபாய் வைத்துக் கொடுத்து, ‘கருணைத்தொகை பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று டைப் அடித்த தாளை நீட்டினார். வலது கையில் கட்டு, அதனால் இடது பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தான். சித்தி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, நல்ல மனுஷன் என்று அனுப்பி வைத்தார்.

அந்தத் தாள் செல்லாது. 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, இப்படி உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தருவதை ஏற்கவில்லை. அதே சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் உழைக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு என்று இருந்தது. சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை 30 வயதுக்கு அந்தச் சட்டம் வைத்திருந்த பெருக்கு எண்ணான 207.98-ஆல் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 2,62,000 ரூபாய் வருகிறது. முதலாளி மேல் தப்பு இருக்கிறதா என்ற கேள்வியே இதில் கிடையாது, வேலையால் வந்த காயம் என்றாலே அவர் கொடுக்க வேண்டும். மனு போட இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. பதினோராவது மாதம் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு கொடுத்தோம், பிறகு பணம் வட்டியோடு வந்தது. ஆனால் அந்தப் பதினோரு மாதமும் வீட்டில் எல்லாரும் ‘கருணை’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டிருந்தோம்.

முதலாளிகளுக்கும் இது தெளிவாகத் தெரிவதில்லை. நல்லெண்ணத்தில் கொடுப்பதாகவே நினைப்பதால், இந்தத் தொகையைத் தரும் காப்பீடான டபிள்யூ.சி. (வொர்க்கர்ஸ் காம்பன்சேஷன்) பாலிசி எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றுவதே இல்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முதலில் ‘பணிக்காய ஈடு’ என்று நினைத்தேன். கல் உடைக்கிறவர்களுக்கு நுரையீரலில் தூசி படிந்து வரும் சிலிகோசிஸும் இந்தச் சட்டத்துக்குள் வந்தது, அதைக் காயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இழையில் அக்கா ஒருவர் சொன்ன ‘பணியூறு’ எனக்கு ரொம்பப் பிடித்தது, ஊறு என்றால் தீங்கு, நோய், காயம், சாவு மூன்றும் அதில் அடங்கும். சிக்கல் புணர்ச்சியில்தான்: சோறு ‘சோற்று’ ஆவதுபோல ஊறு ‘ஊற்று’ ஆகிவிடும், ‘பணியூற்றுச் சட்டம்’ என்றால் நீரூற்று நினைவுக்கு வரும். அதனால்தான் ‘பணித்தீங்கு’. தீங்கு எல்லாருக்கும் தெரிந்த சொல், ‘பணித்தீங்கு ஈடு’, ‘பணித்தீங்குக் காப்பீடு’, ‘பணித்தீங்கு மனு’ என்று கிளைக்கவும் செய்கிறது. ‘ஈடு’ என்பதில் கடன்பட்டதைத் திருப்பித் தரும் தொனி இருக்கிறது, அது எனக்கு முக்கியம்.

2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த ‘வொர்க்மென்’ என்ற ஆண்பாலை எடுத்துவிட்டு, ‘எம்ப்ளாயி’ என்று எல்லாருக்கும் பொதுவான சொல்லை வைத்தார்கள். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ‘தொழிலாளர்’ முதலிலிருந்தே பொதுப்பால்தான்.

அப்புறம் இன்னொன்று. விபத்து வேலையின் ‘காரணமாக’வும் வேலையின் ‘போது’ம் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் இரண்டு நிபந்தனை வைக்கிறது. இந்த ‘போது’ என்பதைப் ‘பணியின் போக்கில்’ என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது புரியவில்லை. ‘பணியினால், பணியின்போது’ என்று பிரித்தே எழுதலாமா? மாற்றுக்கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.