வருகை விசாவில் நியூசிலாந்து போய்ப் பழம் பறிக்கலாம் என்கிறார் முகவர். நம்பலாமா?

கொக்குவில் பிள்ளை

வணக்கம். எனக்கு 23 வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இறுதிப் பரீட்சை எழுதிவிட்டேன். பெறுபேறு வந்து, பட்டமளிப்பு நடந்து, ஒரு வேலை கிடைக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க மனமில்லை. வெளிநாடு ஒன்றுக்குப் போய், சில மாதம் வேலை செய்து, அந்தக் காசிலேயே ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை. திரும்பி வருவேன் என்பதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. "எங்கள் ஒழுங்கையிலிருந்து போனவர்களில் யாரம்மா திரும்பி வந்தது?" என்று அம்மா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

யூடியூப்பில் ஒரு தமிழ்க் காணொளி பார்த்தேன். 18 முதல் 30 வயது வரையானவர்கள் அவுஸ்திரேலியாவில் ஓராண்டு வேலை செய்துகொண்டே சுற்றலாம், முதலில் குலுக்கலுக்குப் பதிய வேண்டும் என்றார்கள். பதியப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கை வரவேயில்லை. கைத்தொலைபேசியில்தான் பிழையோ என்று தங்கையின் மடிக்கணினியிலும் முயன்றேன். அதிலும் இல்லை.

இதற்கிடையில் நகரத்தில் உள்ள ஒரு முகவர், நியூசிலாந்துக்கு வருகை விசா எடுத்துத் தருவதாகவும், அங்கே கிவிப் பழத் தோட்டத்தில் மூன்று மாதம் வேலை செய்யலாம் என்றும் சொன்னார். விண்ணப்பத்தில் உறவினரைப் பார்க்கப் போவதாக எழுத வேண்டுமாம். 50,000 ரூபாவும் கடவுச்சீட்டும் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் மேலும் ஆறு லட்சம் கேட்கிறார். அப்பா சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

ஒக்லாந்து அண்ணா

தங்கச்சி, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நாளைக் காலையே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கடவுச்சீட்டை வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் தொலைபேசியில் பிழை எதுவும் இல்லை. நீங்கள் பார்த்த காணொளி இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கானது. அவுஸ்திரேலியா 2024 முதல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம் ஒதுக்கி, குலுக்கல் முறையில் தெரிவு செய்கிறது. பேசுகிறவரும் தமிழ், கேட்கிறவரும் தமிழ் என்பதால் நம் பிள்ளைகள் அது தமக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த விசா நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் உடன்படிக்கை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஜப்பான் எதனுடைய பட்டியலிலும் இலங்கை இல்லை. பிரித்தானியாவின் இளையோர் திட்டத்திலும் இல்லை. மனதுக்குக் கசப்பான விடயம்தான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் அந்த ஆறு லட்சம் மிஞ்சும்.

இனி நியூசிலாந்து. இங்கே தே புக்கே பக்கம் கிவி அறுவடை நடக்கிறது, ஆள் தேவைப்படுகிறது, அதெல்லாம் உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் பொய்யை விற்கிறார்கள். வருகை விசாவில் வந்தவர் இங்குள்ள முதலாளியிடம் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காமல், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பதிலாகத் தோட்டத்தில் உதவினாலும் இங்கே அது வேலை என்றே கணக்கு. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். விண்ணப்பத்தில் எழுதிய பொய் அதோடு போகாது. நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. 23 வயதில் ஒரு கதவைத் தட்டப் போய் ஐந்தையும் பூட்டிக்கொள்ள வேண்டாம்.

சாவகச்சேரி

என் தம்பியையும் இப்படித்தான், வேறொரு நாட்டுக்கு, வருகை விசாவில் அனுப்பினோம். விமான நிலையத்திலேயே விசாரித்துத் திருப்பிவிட்டார்கள். வாங்கிய கடனை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அது. பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அந்த முகவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நல்லூர் பிரதேச செயலகத்திலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை விசாரியுங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா? கடவுச்சீட்டுத் தொலைந்துவிட்டது என்று முகவர் மழுப்பினால் பயப்பட வேண்டாம். பொலிஸில் முறையிட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாம். 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, அதற்கான அலுவலகம் இருக்கிறது.

திரும்பி வந்தவள்

உங்கள் அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் திரும்பி வந்தவள். ஜேர்மனியில் ஓராண்டு இருந்துவிட்டு வந்து, இப்போது மானிப்பாயில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

நான் போனது ஓ பேர் என்ற முறையில். ஒரு ஜேர்மன் குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மொழி படிப்பது. இலங்கைக் கடவுச்சீட்டோடு நேர்வழியில் போகலாம். குறைந்தது ஆறு மாதம், கூடியது ஓராண்டு, நீட்டிக்க முடியாது. 27 வயது நிறையுமுன் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குக் காலம் இருக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தனி அறை, சாப்பாடு, காப்புறுதி குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ தருவார்கள். பயணச் செலவு பெரும்பாலும் நம்முடையது.

280 யூரோவைக் கொண்டு கடன் அடைக்க முடியாது. ஓராண்டு முழுவதும் செலவே செய்யாமல் வைத்தாலும் 3,360 யூரோதான். அதனால் சங்கிலியை அடகு வைத்துப் போகாதீர்கள். கடனோடு போகிறவருக்கு ஊர் பார்க்க மனம் வராது, விசா முடிந்த பிறகும் நின்று உழைக்கத்தான் தோன்றும்.

விண்ணப்பிக்கும்போதே ஏ1 என்ற ஆரம்ப நிலை அளவுக்கு ஜேர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும். நான் ஐந்து மாதம் படித்தேன். கொழும்பு கோதே நிறுவனத்தில் பரீட்சை. இரவு பஸ்ஸில் போய் இறங்கிய தூக்கத்தோடு கேட்டல் பகுதியை எழுதிப் பாதியைக் கோட்டைவிட்டேன். நீங்கள் முதல் நாளே போய்விடுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். நேர்முகத்தில் திரும்பி வந்து என்ன செய்வாய் என்று கேட்டார்கள். ஆசிரியராவேன் என்றேன். உண்மை அதுதான் என்பதால் தடுமாறவில்லை.

என் குடும்பம் கார்ல்ஸ்ரூஹவில் இருந்தது. இரண்டு பிள்ளைகள். சின்னவன் முதல் மாதம் என்னோடு கதைக்கவே இல்லை. ஒரு நாள் அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு என்னை விட்டு அசையமாட்டான். குளிர்காலம் உண்மையில் கஷ்டம். நான்கரை மணிக்கே இருட்டிவிடும், தனிமை நெஞ்சில் ஏறும். கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனேன். நம் ஊர்ச் சனமும் கற்பூர வாசமும் சூழ நின்றபோது அழுதுவிட்டேன். அந்த வதிவிட அனுமதியோடு எல்லைச் சோதனையில்லாமல் ஒன்றுக்கொன்று போய்வரும் மற்ற ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளுக்கும் 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். ரயிலேறி பாரிஸ் போய், அங்கே நம்மவர்கள் கூடும் லா சப்பல் பகுதியில் மாமா வீட்டில் தங்கினேன். நீங்கள் கேட்கும் சுற்றுலா அதற்குள்ளேயே இருக்கிறது.

கொக்குவில் பிள்ளை

அக்கா, வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். டோர்ட்மண்டில் என் சித்தி இருக்கிறார், இரண்டு சிறு பிள்ளைகள். அவர் வீட்டுக்கே ஓ பேராகப் போகலாமா? அம்மாவும் பயப்படமாட்டார்.

திரும்பி வந்தவள்

முடியாது. உறவினர் வீட்டுக்கு அனுமதி இல்லை. சொந்தமே இல்லாத வேறு தமிழ்க் குடும்பமும் பெரும்பாலும் சரிவராது. ஜேர்மன் தாய்மொழியாக இல்லாத குடும்பம் என்றால், பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து ஓ பேர் வரக் கூடாது. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். சித்தி அருகில் இருப்பதை அம்மாவுக்கு ஆறுதலாகச் சொல்லுங்கள். விடுமுறைக்கு அவரிடம் போகலாம்.

ஒக்லாந்து அண்ணா

பழம் பறிக்கும் ஆசை இன்னும் இருந்தால், பிரித்தானியாவின் பருவகால வேலை விசாவையும் பாருங்கள். ஆறு மாதம் வரை. அந்த அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் மட்டுமே ஆள் எடுக்கலாம், பட்டியல் அரசின் இணையத்தளத்தில் இருக்கிறது. வேலை தேடித் தருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. கேட்டால் அது அந்த வழியல்ல. புறப்படுமுன் நம் பணியகத்தில் பதிய வேண்டும். உடல் உழைப்புக் கடுமை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

கொக்குவில் பிள்ளை

கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. நானும் அப்பாவும் பெரியப்பாவும் போனோம். முதலில் கொழும்புக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். 1989 க்கு அங்கேயே அழைக்கிறோம் என்று பெரியப்பா தொலைபேசியை எடுத்ததும் மேசை லாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார். 50,000 ரூபாவைத் தரவில்லை. பற்றுச்சீட்டோடு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சங்கிலி வீட்டில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஜேர்மன் வகுப்புத் தொடங்குகிறது. அக்கா, அம்மா உங்களோடு கதைக்க வேண்டும் என்கிறார். மானிப்பாய்க்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவரைக் கூட்டிவந்தால் வீட்டில் இருப்பீர்களா?