டிபி: நுரையீரல்ல ஓட்டை எப்படி விழுது?

செல்வி அத்தை: குமாரு, டிபி வந்தா கிருமி நுரையீரலை அரிச்சு ஓட்டை போட்டுடும்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. நெசமா?

குமார் சித்தப்பா: ஓட்டை விழுறது நெசம்தான்க்கா. ஆனா அரிக்கிறது கிருமி இல்ல, பெரும்பாலும் நம்ம எதிர்ப்பு சக்தி பண்ற சேதாரம். டிபி இருக்கிறவங்க இருமுற துளி, உள்ள இருக்கிற கிருமியோட காத்துல காஞ்சு 1-5 மைக்ரானுக்குச் சுருங்கிடும் (1 மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). மூக்குல, தொண்டையில சிக்காம நேரா காத்துப்பைக்குப் போயிடும். அங்க காவலுக்கு இருக்கிற மேக்ரோபேஜ் செல் அந்தக் கிருமியை விழுங்கும். வேற கிருமின்னா செரிச்சுடும். இது செரிக்க விடாம உள்ளயே குடித்தனம் பண்ணும்.

குமார் சித்தப்பா: உடம்பு அதைச் சுத்தி செல்லை அடுக்கி மதில் கட்டும். பெரும்பாலானவங்களுக்கு அதோட சரி. கிருமி தூங்கும், அடுத்தவங்களுக்குப் பரவாது. 100 பேர்ல 5-10 பேருக்குத்தான் வாழ்நாள்ல எப்பவாவது நோயா கிளம்பும். சர்க்கரை, எச்ஐவி, சத்துக்குறைவு இருந்தா மதில் சீக்கிரம் இடியும். அப்போ நடுவுல செத்த சதை இளகி, மூச்சுக்குழாய்ல உடைஞ்சு, சளியா வெளிய வந்துடும். மிச்சம் நிக்கிற குழிதான் அந்த ஓட்டை. பக்கத்து ரத்தக்குழாய் அரிச்சா சளியில ரத்தம்.

அருண்: அப்ப எக்ஸ்ரேல ஓட்டை தெரிஞ்சா டிபிதானே?

மாலதி அக்கா: இல்லடா. சீழ்க்கட்டி, பூஞ்சை, புத்துநோய்லகூட ஓட்டை தெரியும். சளியில கிருமியைக் காட்டணும். மைக்ராஸ்கோப்ல தெரிய 1 மில்லி சளிக்கு 5,000-10,000 கிருமியாவது வேணும். கிருமியோட மரபணுவைத் தேடுற ஜீன் எக்ஸ்பர்ட் மிஷினுக்கு நூத்துக்கணக்குல இருந்தாலே போதும். ரிஃபாம்பிசின்ங்கிற முக்கியமான டிபி மருந்து கேக்குமா கேக்காதான்னும் 2 மணி நேரத்துல சொல்லிடும்.

மாலதி அக்கா: ஆனா டப்பால எச்சிலைத் துப்பிக் குடுத்தா எந்த மிஷினாலயும் ஒண்ணும் ஆகாது. காலையில எழுந்ததும் வெறும் தண்ணில வாய் கொப்பளிச்சு, 2 தடவை மூச்சை நல்லா இழுத்து விட்டு, அடி நெஞ்சுலேர்ந்து இருமணும். கெட்டியா 3-5 மில்லி. திறந்தவெளியில நின்னு எடுக்கணும், மூடின பாத்ரூம்ல வேண்டவே வேண்டாம்.

செல்வி அத்தை: 1 மாசத்துல இருமல் நின்னுடுதாமே, அப்புறம் எதுக்கு 6 மாசம் மாத்திரை?

குமார் சித்தப்பா: அங்கதான் ஏமாந்து போறாங்க. ஒரு ஓட்டைக்குள்ள கோடிக்கணக்குல கிருமி. சுமார் 10 லட்சத்துல 1, ஐசோனியாசிட்ங்கிற டிபி மருந்துக்குத் தானாவே அடங்காது. ஒரே மருந்து குடுத்தா அது மட்டும் பிழைச்சுப் பெருகும். அதான் சாதாரண டிபிக்கு முதல் 2 மாசம் 4 மருந்து. வேகமா பெருகுற கிருமி சீக்கிரம் செத்துடும், இருமலும் அடங்கிடும். மந்தமா கிடக்கிறதை மருந்து அவ்வளவு லேசா கொல்லாது. மிச்ச 4 மாசம் அதுக்குத்தான்.

அருண்: ஓட்டை மூடிடுமா சித்தப்பா?

குமார் சித்தப்பா: சிலது சுருங்கித் தழும்பாகும், சிலது அப்படியே நிக்கும். தழும்பு அதிகமானா கிருமி போன பிறகும் மூச்சு வாங்கும். லேட்டா கண்டுபிடிச்சா வர்ற வினை இது.

மாலதி அக்கா: மாத்திரை ஆரம்பிச்சதும் சிறுநீர் ஆரஞ்சா போகும். ரிஃபாம்பிசின் சாயம்தான், பயப்பட வேண்டாம். கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி நிக்கலன்னாலோ ஈரலைப் பார்க்கணும். பார்வை மங்கி சிவப்பும் பச்சையும் குழம்பினா எதாம்ப்யூட்டால்ங்கிற இன்னொரு டிபி மாத்திரையோட வேலை. அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடணும்.

செல்வி அத்தை: தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமாடி?

மாலதி அக்கா: வேணாம் அத்தை, இது காத்துலதான் பரவும். தட்டை ஒதுக்கிட்டு ஜன்னலைச் சாத்தி வைக்கிறாங்க பாருங்க, அதுதான் தப்பு. ஜன்னலைத் திறந்து வைங்க.