பத்தாவது கூறு எங்கே? கூட்டாக முதல் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வண்டல்மண் (மன்னார்குடிப் பக்கம்)

நடவு இயந்திரம் வந்த பிறகு கூலிக்கு நட்ட பெண்களின் பிழைப்பு என்ன ஆயிற்று என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒன்பது பெண்கள் குழுக்கடனும் மானியமும் சேர்த்து அந்த இயந்திரத்தையே வாங்கிவிட்டார்கள். "நம் வேலையைப் பிடுங்க வருகிற சனியனை நாமே கட்டி மேய்த்தால் என்ன?" என்று பெரியம்மா கேட்டார், அதுதான் தொடக்கம். (எனக்கு அவர் உறவில்லை, ஊருக்கே பெரியம்மா.) கணக்கு எழுதுவது என் பொறுப்பு.

குறுவைக்கு நன்றாக ஓடியது. பாய் நாற்றங்கால் விடுவது, நாற்றைச் சுருட்டித் தூக்கி வருவது, மூலை முடுக்கில் கையால் நட்டுச் சரிசெய்வது எல்லாம் அவர்களே. ஓட்டத்தான் ஆள் இல்லை. ஐடிஐ படித்த பையன் ஒருவனை நாள்கூலிக்கு வைத்தார்கள். சேற்றில் வண்டி புதைந்தால் இடுப்பளவு இறங்கித் தள்ளுவான். பழுது பார்ப்பதும் அவன்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை, மாரியம்மன் கோயில் திண்ணை. எரிபொருள், தவணை, உதிரிபாகம் எல்லாம் கழித்து, மீதியை ஒன்பது கூறாகப் பிரித்துத் துண்டின் மேல் வைத்திருந்தேன். பெரியம்மா பையனுடைய கூலியை எண்ணி நீட்டினார். அவன் வாங்கவில்லை. துண்டின் மேல் இருந்த கூறுகளை விரல் வைத்து எண்ணினான். "பெரியம்மா, பத்தாவது கூறு எங்கே?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பெரியம்மா நாற்பது வருடம் வரப்பில் நின்றவர்களிடம் கை நீட்டிக் கூலி வாங்கியவர். அன்று அவர் சொன்ன பதில்: "கொடுப்பதை வாங்கிக்கொண்டு போ தம்பி." இந்த வார்த்தையை அவர் எங்கே கற்றார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

குறுவை79

பையன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டானா? மழை பெய்து நடவு நின்றுபோனால் தவணை கட்டுவானா? பிறகு எதற்குப் பத்தாவது கூறு? பெரியம்மா சொன்னது சரி. அவர் சாப்பிடாமல் படுத்ததெல்லாம் கதைக்குச் சேர்த்தது.

என்னிடம் மூன்று ஏக்கர் இருக்கிறது, அதில் ஒன்றரை மடத்துக் குத்தகை. ஊரில் என்னை முதலாளி என்கிறார்கள். சென்ற சம்பா அறுவடையில் நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு ஆறு நாள் காவல் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். பகலில் காய வைத்தால் இரவுப் பனி குடித்துவிடும். மூட்டை தூக்குபவர்கள் சிப்பத்துக்கு (மூட்டைக்கு) இவ்வளவு என்று வாங்கும் காசு தனி. அதற்காக மூட்டை தூக்கும் ஒருவரோடு நான்காம் நாள் கை கலக்காத குறைதான். ஐந்தாம் நாள் இரவு தூறல் போட்டது. தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்தவர் யார் என்று டார்ச் அடித்துப் பார்த்தால், அதே ஆள்.

விடியும்வரை ஒரே தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தோம். நாற்பது கிலோ சிப்பம் ஒன்றுக்கு அவர் கைக்கு வருவது எவ்வளவு என்று சொன்னார். கேட்ட பிறகும் என் கோபம் போகவில்லை. யார் மேல் என்பதுதான் குழம்பிவிட்டது. காலையில் அவர் வழக்கம்போலக் காசு கேட்டார். நானும் கொடுத்தேன்.

தறிநாடா (கும்பகோணம் அருகே)

குறுவை அண்ணன் சொல்வது கடனுக்குப் பொருந்தும், உழைப்புக்கு எப்படிப் பொருந்தும்? சேற்றில் புதைந்த வண்டியைக் கடன் பத்திரமா தள்ளியது?

எங்கள் அப்பா பட்டு நெசவாளி, கூட்டுறவுச் சங்க உறுப்பினர். திருபுவனத்தில் 1955 முதல் இருக்கிறதே, அந்தப் பெரிய சங்கம் இல்லை. எங்களுடையது சின்னது, பெயர் வேண்டாம். ஒரு பொதுப் பேரவைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும். சேலை தேங்கிக் கிடக்கிறது, பாவு (தறியில் ஏற்றும் நூல்) இரண்டு மாதமாகத் தரவில்லை. ஒரு கிழவர் எழுந்து கேள்வி கேட்டார். மேடையில் இருந்த அதிகாரி, "பெரியவரே, உட்காருங்கள்" என்றார். கிழவர் சொன்னார்: "இது என் கடை. நீங்கள் என் கடையில் சம்பளம் வாங்குகிறீர்கள். நீங்கள் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்." அதிகாரி எழுந்து நின்றார். நான் பார்த்தேன். தனியார் முதலாளியிடம் பாவு வாங்கி நெய்யும் எந்த நெசவாளியும் இப்படிப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

பிற்பாடு சங்கத் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் வந்து உட்கார்ந்தார். கிழவருடைய கடையைக் கிழவரிடம் கேட்காமலே நடத்தினார்கள்.

இன்னொன்று. அப்பாவுக்குத் தார் (நாடாவில் வைக்கும் ஊடை நூல்) சுற்றிக் கொடுத்தது அம்மா. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா போட்டது நான். உறுப்பினர் புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது. பத்தாவது கூறு என்று படித்ததும் இது நினைவுக்கு வந்தது.

ஓய்வுபெற்ற தணிக்கையாளன்

வண்டல்மண் தம்பிக்கு. முப்பது ஆண்டுகள் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தவன் என்ற முறையில் சில சொல்கிறேன். என் அனுபவம் சிறியது: கோரைப்பாய் முடையும் பெண்களின் குழு ஒன்றில் பற்று வரவு முழுவதையும் சுவரில் கரிக்கோடாக எழுதி வைத்திருந்தார்கள். ஒரு ரூபாய் பிசகவில்லை. தணிக்கைக்கு ஆவணம் வேண்டுமே, சுவரை எப்படி இணைப்பது என்று விழித்தேன். அவ்வளவுதான்.

இனி ஆலோசனை. முதலாவது, கிடைத்த லாபத்தை முழுவதும் கூறு போடாதீர்கள். இயந்திரத்துக்கு வயது உண்டு. தேய்மானத்துக்கு ஒதுக்காத கூட்டு முயற்சி மூன்றாம் வருடம் இரும்புக் கடைக்குப் போகும். இரண்டாவது, ஓட்டுநர் பிரச்சினை உங்கள் தெருவில் மட்டும் உள்ளது அல்ல. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொண்ட்ராகன் என்ற ஊரில் 1956இல் ஒரு பாதிரியாரின் மாணவர்கள் ஐந்து பேர் தொடங்கியது இன்று பல்லாயிரம் தொழிலாளர்களின் கூட்டுறவு. புதிதாக வருபவர் நுழைவுப் பணம் கட்ட வேண்டும், அதைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளலாம். கட்டி முடித்தால் அவரும் உரிமையாளர், தலைவருக்கும் ஒரு ஓட்டு, அவருக்கும் ஒரு ஓட்டு. மேலே இருப்பவர் சம்பளம் கீழே இருப்பவருடையதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்குக்குள் நிற்கும். ஆனால் அவர்களும் வெளிநாட்டில் ஆலை திறந்தபோது அங்கே வேலை பார்த்தவர்களைக் கூலிக்காரர்களாகவே வைத்தார்கள். வீட்டுச் சாதனங்கள் செய்த அவர்களுடைய ஃபாகோர் 2013இல் திவாலானது. வேலை இழந்த உறுப்பினர்களில் பலரை மற்றக் கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அந்த நிழல் இல்லை.

மூன்றாவது, நம் பக்கத்திலேயே பாருங்கள். 1957இல் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் சொல்லி, பரிமாறியவர்களே சங்கம் சேர்த்து எடுத்து நடத்தினார்கள். கண்ணூரில் பீடி முதலாளிகள் கடையைக் கட்டியபோது 1969இல் தொழிலாளர்களின் கூட்டுறவாகத் தினேஷ் பீடி எழுந்தது. பீடிக்கு மவுசு குறைந்ததும் குடை, உணவுப்பொருள் என்று மாறினார்கள். ஆகவே ஒரே இயந்திரத்தை நம்பாதீர்கள். நான்காவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யப் பத்துப் பேர் போதும், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஐந்தாவது, கணக்கு எழுதுபவரும் பணத்தை வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆறாவது, கூட்டம் நடந்தால் தீர்மானப் புத்தகம்...

(மீதியை நாளை எழுதுகிறேன். கண் வலிக்கிறது.)

கீழ்வேளூர்ப் பேத்தி

தணிக்கையாளர் ஐயா, ஸ்பெயினுக்குப் போகும் வழியில் எங்கள் ஊரில் ஒரு நிமிடம் இறங்கியிருக்கலாம். குறுவை அண்ணன், "எதற்குப் பத்தாவது கூறு" என்று கேட்கிறீர்களே, எங்கள் பக்கத்தில் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூறு கேட்பதை இங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

என் பாட்டி பண்ணையாள் வீட்டில் பிறந்தவர். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தபோது சிறுமி. "சட்டம் வந்ததாகச் சொன்னார்கள், எங்கள் தெருவுக்கு வர வழி தெரியவில்லை போல" என்பார். பண்ணை வீட்டில் நெல் அளக்கும் மரக்கால் இரண்டு என்பதும் அவர் சொன்னதுதான்: வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. கொடுக்கும்போது விளிம்போடு தலை வழித்து அளப்பார்கள். வழித்து விழும் மணியைப் பொறுக்கக் கோழிக்கு அனுமதி உண்டு, பாட்டிக்குக் கிடையாது.

கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் 1981இல் லாஃப்டி என்ற நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கிப் பெண்கள் பெயரில் பிரித்துக் கொடுத்தார்களே, அதில் பாட்டிக்கு ஓர் ஏக்கர் வந்தது. முதல் அறுவடை. அண்டை வீட்டுக்காரர்கள் வந்து கதிர் அடித்தார்கள். நான் களத்தில் வைக்கோலுக்குள் புரண்டுகொண்டிருந்தேன். கூலி அளக்கும் நேரம் வந்ததும் பாட்டி மரக்காலைக் கையில் எடுத்தார். நெல்லை அள்ளினார். உள்ளங்கை தானாக விளிம்புக்குப் போய்விட்டது, வழிப்பதற்கு. பாதியில் நிறுத்திக் கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குவித்தார், கோபுரம் கட்டிச் சரியும்வரை. எங்களுக்கு மிஞ்சியது அந்த வருடம் சித்திரை வரைக்கும் கூட வரவில்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் குறைபட்டார்.

கை விளிம்புக்குப் போனதே, அதுதான் எனக்கு நிற்கிறது. பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறுவை79

தங்கை, வெண்மணியை நான் மறுத்தேனா? மூன்று ஏக்கர்க்காரனைப் பண்ணையாரோடு ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். எனக்கும் மரக்கால் பிடித்த கை இல்லை, மூட்டை சுமந்த தோள்தான்.

கடலோரத்தான் (அக்கரைப்பேட்டை)

ஆற்று நீர் பாயும் ஊர்க்காரர்கள் பேசும் இடத்தில் உப்பு நீர்க்காரன் ஒருவன். எங்களிடம் கூலி என்ற பேச்சே குறைவு, பங்குதான். எங்கள் படகில் டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மிஞ்சியதில் பாதி படகுக்கும் வலைக்கும், பாதி ஏறிய ஆட்களுக்கு. மீன் இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு, படித்துவிட்டு வந்த ஒரு தம்பி "நீங்கள்தான் உண்மையான சமத்துவம்" என்றான். படகுப் பங்கு யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்காமல் சொல்லிவிட்டான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த உதவியில் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு கிடைத்தது. நான்கு பேர் பெயரையும் நீல வண்ணத்தில் பக்கவாட்டில் எழுதினோம். ஒன்றரை வருடம் நன்றாகப் போனது. பிறகு இன்ஜின் படுத்தது. செலவுக்கு ஒருவரிடம் பணம் இருந்தது, மூவரிடம் இல்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பணம் போட்டவர் படகை எடுத்துக்கொண்டார், நாங்கள் அதிலேயே ஆட்களாக ஏறினோம். நல்ல மனிதர்தான், இன்றைக்கும் பங்கில் கை வைக்க மாட்டார்.

மூன்று பெயர்களின் மேல் வெள்ளை அடித்தார். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. கடலில் இறக்கி ஈரம் பட்டதும் அடியில் இருந்த நீலம் தெரியும். ஏறும்போது என் பெயரைப் பார்த்துக்கொண்டே ஏறுவேன். அடுத்த வருடம் வேறு வண்ணம் அடித்தார்கள், போய்விட்டது.

தணிக்கையாளர் ஐயா சொன்ன தேய்மானக் கணக்கை அப்போது யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நீளமாக எழுதுகிறார், ஆனால் அந்த ஒரு வரி சரி.

வண்டல்மண்

முதலில், ஐயா, நான் தம்பி இல்லை, பெண். பணமும் என்னிடம் இல்லை, பெரியம்மாவின் மருமகளிடம் இருக்கிறது.

கீழ்வேளூர்த் தங்கையின் பதிவைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தக் கிழவிக்கு ஏக்கர் எத்தனை மூட்டை கண்டது?" என்று மட்டும் கேட்டார்.

நேற்றுத் திண்ணையில் கூடினார்கள். மூன்று பேர் குறுவை அண்ணன் கட்சி: கையெழுத்துப் போடாதவனுக்குப் பங்கு இல்லை. நான்கு பேர் கொடுக்கலாம் என்றார்கள். ஒருத்தி, அவன் திருப்பூருக்குப் போய்விட்டால் வண்டியை யார் ஓட்டுவது என்ற கவலையில் கொடுக்கலாம் என்றாள், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில், தாளடி (குறுவைக்கு அடுத்த போகம்) நடவு முடியும்வரை அரைக் கூறு, தவணையிலும் அரைப் பங்கு அவன் தலையில், பிறகு பேசிக்கொள்வோம் என்று முடிந்தது. பெரியம்மா கை தூக்கவே இல்லை. எழுந்து போகும்போது பையனிடம், "எனக்கும் ஓட்டக் கற்றுக் கொடு" என்றார். வயது அறுபத்திரண்டு.

பையன் இன்னும் பதில் சொல்லவில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

கடலோரத்தான்

பெரியம்மா ஓட்டினால் ஒரு படம் போடுங்கள்.

குறுவை79

எனக்குத் தாளடிக்கு ஒன்றரை ஏக்கர் நட வேண்டும். நீங்கள் பிரித்துக்கொள்வது எப்படியோ, ஏக்கருக்கு என்ன வாடகை? நாற்றங்கால் உங்களுடையதா, நான் விட வேண்டுமா?