வளையும் அரேயா, தண்ணீரா? எல்போ வெல்டு சோதனையில் எது சரி

வெல்டு_விழி:
எல்போவில் (வளைந்த குழாய்த் துண்டில்) வெல்டுக்குள் குறை இருக்கிறதா என்று மீயொலி அனுப்பிப் பார்க்கத் தட்டைப் புரோபை (ஒலியை அனுப்பி எக்கோவை வாங்கும் தலை) இனி எடுக்கவே வேண்டாம், வளையும் அரேதான் (பல சிறு எலிமென்டுகள் வரிசையாக உள்ள, வளையக்கூடிய புரோப்) சரி என்பது என் கட்சி. காரணம் இதுதான். 114 மி.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் 20 மி.மீ. அகலத் தட்டைப் புரோபைச் சுற்றுவாட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் தொடும், இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய 0.9 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சந்தில் தண்ணீர் நிரம்பியிருந்தால் ஒலி கடக்க 0.6 மைக்ரோசெகண்ட் ஆகும். 5 மெகாஹெர்ட்ஸில் அது மூன்று முழு அலை. ஃபோகஸ் எப்படி நிற்கும்? விட்டத்துக்கு ஒரு வெட்ஜ் (புரோபுக்கு அடியில் வைக்கும் ஆப்பு) கடைந்து வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். எல்போவில் வளைவே இடத்துக்கு இடம் மாறுகிறதே!

நீர்த்தொட்டி:
அரே நன்றாக ஒட்டும், மறுக்கவில்லை. ஒட்டிய பிறகு எந்த எலிமென்ட் எங்கே இருக்கிறது என்று கருவிக்கு யார் சொல்வது? எஃகில் 5 மெகாஹெர்ட்ஸ் நெடுக்கலையின் நீளம் 1.2 மி.மீ. ஒரு எலிமென்டின் உயரத்தை 0.3 மி.மீ. தப்பாக எடுத்தால் போய்வரும் பாதையில் அரை அலை பிசகும். கூட வேண்டிய எக்கோக்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தண்ணீருக்குள் கெட்டியான அரேயை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. எலிமென்ட் இடம் நிச்சயம், மேற்பரப்பு எக்கோவே வடிவத்தைச் சொல்லிவிடும், அதை வைத்து ஒவ்வொரு எலிமென்டுக்கும் வேண்டிய டிலேயைக் (நேரத் தாமதத்தைக்) கணக்கிடலாம்.

வெல்டு_விழி:
ஆலையில் மாட்டியிருக்கும் குழாயைத் தொட்டியில் முக்க முடியாதே. அதுவும் போக, தண்ணீரில் ஒலி 1480, எஃகில் 5900 மீட்டர்/வினாடி. மேற்பரப்பு ஒரு டிகிரி சாய்ந்தால் எஃகுக்குள் கற்றை மூன்று டிகிரி திரும்பிவிடும். சாய்வு 14.5 டிகிரியைத் தாண்டினால் நெடுக்கலை உள்ளேயே போகாது. வளைவு கூடும் இடத்தில் உங்கள் பாதி எலிமென்ட் சும்மா நிற்கும்.

கை_ஸ்கேன்:
இரண்டு பேருமே உள்வளைவைத் தொடவில்லை. அங்கே மேற்பரப்பு குதிரைச் சேணம் மாதிரி: சுற்றுவாட்டில் குவிவு, நீளவாட்டில் குழிவு. ஒரு தாளை எடுத்து அதன் மேல் படிய வையுங்கள். ஒரு திசையில் வளையும், மற்றத் திசையில் மடிப்பு விழும். பல வரிசை அரேயை இழுபடாத தகட்டில் கட்டியிருந்தால் அதே கதிதான். ரப்பர் மாதிரி மென்மையான பொருளில் ஒலி எழுப்பும் செராமிக் துண்டுகளைத் தனித்தனியாகப் பதித்தது படியும். முழுக்கப் பாலிமர் படலத்தால் ஆனதும் நன்றாக வளையும், ஆனால் ஒலியை அனுப்புவதில் செராமிக்குக்குப் பக்கத்தில் வராது. பெரிய படிக மணிகள் ஒலியைச் சிதறடிக்கும் ஸ்டெயின்லெஸ் வெல்டில் அதை நம்பி நான் இறங்க மாட்டேன்.

எலிமென்ட் இடம் தெரியாத விஷயத்தில் நான் நீர்த்தொட்டி பக்கம். ஒரு தடவை கருவியில் அரே நேராக இருப்பதாகவே அமைப்பு இருந்தது, நான் கவனிக்கவில்லை. வெல்டு வேரில் (வெல்டின் அடியில்) தெளிவாக ஒன்றாகத் தெரிய வேண்டிய குறி மங்கி, இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. வளைவைக் கொடுத்து அதே டேட்டாவை மறுபடி கணக்கிட்டதும் ஒன்றாகிவிட்டது. வெட்டித் திறக்கச் சொல்லியிருப்பேன், நினைத்தாலே பதறுகிறது.

வெல்டு_விழி:
நீங்கள் சொன்னதிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு எலிமென்டும் அனுப்பியதை எல்லா எலிமென்டும் வாங்கிய சிக்னலையெல்லாம் சேமித்தால், 64 எலிமென்டுக்கு 4096 ஏ-ஸ்கேன் (நேரவாட்டில் பதிந்த எக்கோ) கையில் இருக்கும். வளைவை மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, படம் எப்போது கூர்மையாகிறதோ அதையே வடிவமாக எடுத்துக்கொள்ளலாம்.

நீர்த்தொட்டி:
கூர்மையாக்க உள்ளே ஏதாவது ஒன்று எக்கோ தர வேண்டாமா? குறையே இல்லாத இடத்தில், பின்சுவரும் சரியாகத் தெரியாவிட்டால், எதை வைத்துத் திருத்துவீர்கள்? வளைவை அளக்கும் சென்சார் அரேயிலேயே இருந்தால் பேசலாம்.

வெல்டு_விழி:
அது நியாயம். அளவுச் சென்சார் இல்லாத அரேக்காக நான் இனி வாதாடவில்லை. அந்தச் சென்சார் உள்ள அரே தொட்டியை வெல்லும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

கை_ஸ்கேன்:
அப்படியானால் அதே எல்போவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, உள்வளைவுக்கு அடியில் பக்கத்துளைகள் (பக்கவாட்டில் குடையும் துளைகள்) மூன்று வெவ்வேறு ஆழத்தில் போட்டு, இரண்டு முறையிலும் ஸ்கேன் செய்து படத்தை இங்கே போடுங்கள். தட்டையான கேலிபரேஷன் பிளாக்கில் (கருவியைச் சரிபார்க்கும் மாதிரிக் கட்டையில்) எடுத்த படம் வேண்டாம்.