‘ம்ம்ம்’ எந்தக் காதில் கேட்கிறது?

குரோம்பேட்டையிலிருந்து:

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்தேன். எங்கள் பகுதியில் விமானச் சத்தம் ஓயாது. அன்று விமானமும் கேட்கவில்லை, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும் கேட்கவில்லை. புரண்டு படுத்ததும் எல்லாம் திரும்பி வந்தன. இடது காது அடைத்துக்கொண்டு ‘ஙொய்’ என்று இரைந்தது.

குறும்பிதான் (காது அழுக்கு) என்று மாமியார் நல்லெண்ணெய் காய்ச்சினார். மருந்துக்கடையில் சொட்டுமருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் அதிலேயே போனது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மூன்றாம் நாள், செவித்திறன் படிப்பு படிக்கும் அண்ணன் மகள் தொலைபேசியில் சொன்னாள்: “அத்தை, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறது?” நல்ல காதில்தான் கேட்டது. “கைபேசியை அதிரவிட்டு நடு நெற்றியில் வையுங்கள்.” அதுவும் வலப்பக்கமே. அவள் குரல் மாறிவிட்டது. வெறும் அடைப்பென்றால் எலும்பு வழி வரும் ஒலி அடைத்த காதில்தான் பலமாகக் கேட்குமாம். நல்ல காதுக்குச் சாய்ந்தால் உட்செவியிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். “நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றே போங்கள்.”

அன்று மாலையே காது மூக்கு தொண்டை மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார். வெபர் சோதனையாம், கைபேசியால் நான் செய்ததும் இதுதான். ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனை அளக்கும் வரைபடத்தில், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் இடது காதின் திறன் 30 டெசிபெலுக்கு மேல் குறைந்திருந்தது. 72 மணி நேரத்துக்குள் இப்படி விழுந்தால் அவசரம். ஸ்டீராய்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதனால் தினமும் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே மாத்திரை எடுத்தேன். கேட்கும் திறன் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. கல்யாண வீட்டு இரைச்சலில் மட்டும் இடப்பக்கம் பேசுபவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரம்பூரிலிருந்து:

அம்மா, எனக்கு நேர்மாறு. ‘ம்ம்ம்’ அடைத்த காதிலேயே ஓங்கி ஒலித்தது. ஆனாலும் மறுநாளே மருத்துவமனைக்குப் போனேன்; உண்மையில் குறும்பிதான், எடுத்ததும் சரியானது. கைபேசி அதிர்வு மெலிதானது, சிலருக்குப் பக்கமே புரியாது, அதை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்தார். இப்போது என் அப்பாவின் இரண்டு காதருகிலும் வாரம் ஒருமுறை விரல்களைத் தேய்த்துக் கேட்கிறேன்: “இந்தப் பக்கம் கேட்கிறதா, அந்தப் பக்கமா?”